இலக்கம் அழித்த ஒற்றைகள்

சுவிசில் எனக்கு வாய்த்த மூன்றாவது வேலை படங்களுக்குச் சட்டம் போடுவது. முதல் இரண்டும் உணவகங்களில் கோப்பை கழுவியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டு ஆறு வருடமாகியும் எங்கள் வழக்கு முடியவில்லை. அம்மாவும் தங்கச்சியும் நானும் ஷாஃப்ஹவுசனில் இரண்டறை வீடொன்றில் இருந்தோம். வெளிநாட்டவர் பொலிசிலிருந்து கடிதம் வரும் நாட்களில் அம்மா உறையைத் தொடக்கூடப் பயப்படுவா. அவவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வேலையால் வந்து பிரிக்கும்வரை அது சாமிப் படத்தட்டில் கிடக்கும்.

கடை பழைய வரைபடங்களும் படங்களும் விற்கும் கடை. அங்கே பொதி கட்டி, வான் ஓட்டி, தரை துடைத்துக்கொண்டிருந்த மன்னார் அண்ணை ஒருவர்தான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். "எங்கடை பெடியன், ஏ.எல். படிச்சவன், கை சுத்தம்" என்று எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டிவிட்டு அதையே தன் ஜெர்மனில் முதலாளியிடமும் சொன்னார். முதலாளி என் கைகளைப் பார்த்தார். பிறகு தன் கைகளைக் கழுவிவிட்டு வந்து எனக்குக் கைகொடுத்தார். எதைத் தொடுவதற்கு முன்னும் அவர் கை கழுவுவார். அந்தப் பழக்கம் எனக்கு முதலில் மிகவும் பிடித்திருந்தது. பிறகு அந்தக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே நான் கதவைச் சாத்திவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில், வெள்ளைத் துணியின்மேல் வைத்தார். உள்ளங்கை அளவு, செங்கல் தடிப்பு. கிட்டத்தட்ட ஐந்நூறு வருடத்துப் பிரார்த்தனைப் புத்தகம், கையால் எழுதியது என்றார். ஒற்றைகள், அதாவது தாள்கள், கடதாசி அல்ல, கன்றுத்தோல். விரலால் தடவினால் ஒரு பக்கம் வழுவழுவென்று இருந்தது, மறுபக்கத்தில் மயிர் நின்ற குழிகள் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தன. முதலில் நாட்காட்டியாகப் பன்னிரண்டு மாதங்கள், மாதத்துக்கு ஒரு ஒற்றை, அந்த மாதத்து வேலையின் படத்தோடு. பிறகு செபங்கள், இடையிடையே படங்கள். எழுத்தைச் சுற்றி ஓரமெல்லாம் கொடியும் பழமும் பூச்சியும். தங்கம் பூசிய இடங்களில் யன்னல் வெளிச்சம் பட்டு என் முகத்தில் அடித்தது. முதுகுப் பக்கம் நூல் தளர்ந்து, அட்டை ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது.

"இதைப் பிரிக்க வேண்டும். ஒரு ஒற்றைகூடக் கிழியக்கூடாது. உன்னால் முடியுமா?"

முடியும் என்றேன். வேறு என்ன சொல்வேன்? எனக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த வேலை உலகத்தில் வேறில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மற்றவர்களுடைய புகையிலைத் தோட்டத்தில் கூலிக்குக் கொத்தினவர். எனக்கு வந்த பாடப்புத்தகங்கள் எல்லாம் மூன்றாம் கை, நாலாம் கை. வருடம் பிறந்தால் என் முதல் வேலை அவற்றைப் பிரிப்பது. பழைய நூலை வெட்டி, ஒற்றைகளைத் தட்டி ஒழுங்காக்கி, சாக்கு ஊசியால் தைத்து, கோதுமை மாப் பசை பூசி, மேலே அம்மியைத் தூக்கி வைத்தால் அந்த வருடம் முழுக்கத் தாங்கும். பிரிக்காமல் மேலே மேலே தைத்தால் நிற்காது. ஆகவே, பிரி என்று ஒருவர் சொன்னால் அது தைப்பதற்காகத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இவ்வளவு பெறுமதியான புத்தகத்தைத் தைக்க என்னை நம்பிவிட்டாரே என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன். எந்த நூலால் தைப்போம் என்று கேட்கக்கூட இல்லை. அதை அவர் தருவார்தானே.

நாலு நாள் எடுத்தது. மெல்லிய கத்தியால் ஒவ்வொரு தையலாக அறுத்தேன். நாலைந்து இரட்டைத் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துவைத்துத் தைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்ததும் அதன் இரண்டு பாதிகளிலும் கீழ்மூலையில், மிக மெல்லிய பென்சிலால், இலக்கம் போட்டேன். நூற்றிப் பதினெட்டு ஒற்றை. கடைசி ஒற்றையில் மட்டும் செபம் இல்லை. வேறு வேறு கைகளில், மண்ணிற மையில், பிள்ளைகள் பிறந்த நாட்களை யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அதில் நான் நெடுநேரம் நின்றேன். எங்கள் பரம்பரையில் எழுத்தில் ஏறிய முதல் பெயர் பள்ளிக்கூட வரவு இடாப்பில் ஏறிய என் பெயர்தான்.

வியாழக்கிழமை பின்னேரம் முதலாளி வந்தார். கை கழுவினார். ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்து, "அழகு, அழகு" என்றார். பிறகு மூலையைப் பார்த்தார்.

"இது என்ன?"

"இலக்கம். தைக்கும்போது ஒழுங்கு மாறாமல் இருக்க."

அவர் சிரித்தார். கேலியாக அல்ல. சின்னப் பிள்ளை ஒன்று சந்திரனைப் பிடித்துத் தா என்று கேட்டால் சிரிப்போமே, அப்படி. "இதை யார் தைக்கப்போகிறார்கள்?" என்றார். இழுப்பறையைத் திறந்து வெள்ளையான, மிருதுவான ஓர் அழிறப்பரை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். "இலக்கம் இருந்தால் வாங்குகிறவர் மற்றவை எங்கே என்று கேட்பார். இலக்கம் இல்லாவிட்டால் அது ஒரு முழுப் படம். இருந்தால் வெறும் துண்டு. விளங்குகிறதா?"

விளங்கியது. விளங்காததுபோல நின்றேன். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஒரு புத்தகம் என்றால் ஒரு பணக்காரனுடைய அலுமாரியில் மூடிக் கிடக்கும். இப்போது நூறு வீட்டுச் சுவரில் இருக்கும். நூறு பேர் தினமும் பார்ப்பார்கள். எது நல்லது? படித்த மனிதர். அமைதியான குரல். ஒரு கணம் அவர் சொல்வது சரிதானோ என்றுகூட நினைத்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பு.

அழித்தேன். நூற்றிப் பதினெட்டையும். அழிறப்பர்த் துகளைத் தூரிகையால் தட்டினேன். அடுத்த நாள், இரட்டைத் தாள்களை மடிப்பிலே வெட்டி ஒற்றை ஒற்றையாக்கச் சொன்னார். அதையும் செய்தேன். தையலை அறுத்தது தெரியாத்தனம் என்று சொல்லலாம். மடிப்பில் கத்தி வைத்தது எல்லாம் தெரிந்து. தோலை வெட்டும்போது கடதாசி மாதிரிச் சத்தம் வராது. கத்தி அமைதியாக இறங்கும். பிள்ளைகளின் பிறந்த நாட்கள் எழுதிய ஒற்றையை முதலாளி திருப்பிப் பார்த்து, "இதை ஒருவரும் வாங்கமாட்டார்கள்" என்று குப்பைக் கூடையில் போட்டார். அட்டைகளும் நூலும் பின்னாலேயே போயின. கூடையைக் கொண்டுபோய்க் கொட்டியது மன்னார் அண்ணை.

விற்பனையில் முதலாளியின் மூளை வேறு மாதிரி. அவர் தொழில் பார்த்து விற்றார். திராட்சை மிதிக்கும் மாதம் வைன் வியாபாரி ஒருவருக்கு. பன்றி அறுக்கும் மாதம் இறைச்சிக்கடைக்காரருக்கு. வயதான சோடி ஒன்று நெருப்பில் குளிர்காயும் மாதம் ஒரு காப்புறுதி அலுவலகத்துக்கு. இப்படியே ஒரு வருடத்தைப் பன்னிரண்டு பேருக்குப் பங்குபோட்டுக் கொடுத்தார். குறட்டில் ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும் புனிதை ஒருத்தியின் படம் இருந்தது. பல்லைப் பிடுங்கிச் சித்திரவதை செய்யப்பட்டவவாம். அதைப் பார்த்ததும் உடனேயே ஒரு பல் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார். சிரித்துக்கொண்டே எடுத்தார்.

படம் இல்லாத ஒற்றைகளை வாங்க வந்தவர்கள் அதைவிட மோசம். ஒரு பெண்மணி சோபாவின் துணியில் ஒரு துண்டைக் கொண்டுவந்து ஒவ்வொரு ஒற்றையோடும் வைத்துப் பார்த்தார். நீலம் கூடிப்போய்விட்டது, சிவப்பு அதிகமாக உள்ளது வேண்டும் என்றார். இன்னொருவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நல்லாயிருக்கிறது என்றார். சட்டங்கள் ஏற்கெனவே ஒரே அளவில் வாங்கிவைத்தவை. ஓரம் கூடினால் நான் வெட்ட வேண்டும். ஒருநாள் என் கூடையில், ஓரத்தில் வரைந்திருந்த ஸ்ட்ரோபெரி ஒன்றின் பாதி கிடந்தது. மற்றப் பாதி கண்ணாடிக்குள். அதை வரைந்தவர் ஒவ்வொரு விதையையும் தங்கப் புள்ளியாக வைத்திருந்தார்.

மன்னார் அண்ணை சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்தவர். அந்தக் காலத்து லத்தீன் செபங்கள் அவருக்குப் பாடம். ஒருநாள் பொதி கட்டும்போது ஒரு ஒற்றையைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"டேய் தம்பி, இஞ்சை வா. இது புனிதர்களின்ரை மன்றாட்டு மாலையெல்லோ!"

இராகத்தோடு தொடங்கினார். ஒவ்வொரு புனிதரின் பெயருக்கும் ஓரா ப்ரோ நோபிஸ், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். நல்ல குரல். பின்னறை முழுக்க நிறைந்தது. ஆண் புனிதர்கள் முடிந்து பெண்கள் தொடங்கி நாலைந்து பேர் வந்ததும் சட்டென்று நின்றார். ஒற்றையைத் திருப்பிப் பார்த்தார்.

"மிச்சம் எங்கை?"

"எது மிச்சம்?"

"உதுக்கு அடுத்த ஒற்றையடா. என்ரை மனுசின்ரை பேருள்ள புனிதை அதிலைதான் வருவா."

"அது போன கிழமையே சூரிச்சுக்குப் போட்டுது, அண்ணை. நீங்கள்தானே பொதி கட்டினனீங்கள்."

அண்ணை ஒற்றையை மேசையில் வைத்தார். "சனியன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மனுசிக்கு மட்டும் சொல்லிப்போடாதை. தன்ரை புனிதையை நான் பார்சல் கட்டி அனுப்பினனான் எண்டு தெரிஞ்சால் எனக்கு வீட்டிலை சோறில்லை."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அவர் கையை நீட்டினார். நான் வேலைக் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். அவர் பொதியின் நாடாவை வெட்டினார்.

வசந்தகாலத்தில் எங்கள் பெர்மிட் விசயம் அசைந்தது. இத்தனை வருடம் இருந்தவர்களுக்கு, நிரந்தர வேலை இருந்தால், பி பெர்மிட் என்ற வதிவிட அனுமதி கொடுக்கலாமாம். முதலாளி ஒரு கடிதம் தரவேண்டும், இந்த ஆள் எனக்குத் தேவை, தொடர்ந்து வைத்திருப்பேன் என்று. கேட்டேன். "நிச்சயமாக. அடுத்த கிழமை எழுதித் தருகிறேன்" என்றார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அம்மாவுக்கும் இல்லை, தங்கச்சிக்கும் இல்லை. மூன்று பேருடைய பெயரும் ஒரே விண்ணப்பத்தில்.

அந்த அடுத்த கிழமைதான் ஒரு பெண் கடைக்கு வந்தார். வேறொரு ஊரில், நூலகம் ஒன்றில், பழைய கையெழுத்துப் புத்தகங்களைக் கவனிப்பவர். ஐம்பது வயதிருக்கும். மழை அங்கியைக் கழற்றாமலே கதைத்தார். பல் பிடுங்கப் போன இடத்தில் சுவரில் ஒரு ஒற்றையைப் பார்த்திருக்கிறார். பிறகு ஒரு வைன் கடையில் இன்னொன்று. எழுத்து ஒரே கையுடையது, ஓரக்கொடி ஒரே கையுடையது. இரண்டும் இந்தக் கடையில் வாங்கியவை. அது ஒரு புத்தகமாக இருந்ததா என்று கேட்டார்.

"ஒற்றைகளாகத்தான் வாங்கினேன்" என்றார் முதலாளி. "ஒன்றிரண்டு. எல்லாம் விற்றாயிற்று."

அந்தப் பெண் விடவில்லை. அப்போது முதலாளி பின்னறையைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். "இவன்தான் சட்டம் போட்டவன். இவனிடமே கேளுங்கள்."

முதலாளி என்னை எப்போதும் நீ என்பார். அந்தப் பெண் நீங்கள் என்றார். "உங்களிடம் வரும்போது அவை தனித்தனியாகவா இருந்தன? அல்லது புத்தகமாகவா?"

பாதிக்கு மேல் என் மேசைக்குக் கீழே, இழுப்பறையில், துணிக்குள் இருந்தன. நான் நின்ற இடத்திலிருந்து இரண்டு எட்டு. வாய் திறந்து சொல்லக்கூடத் தேவையில்லை. திரும்பிப் பார்த்திருந்தாலே போதும்.

"தனித்தனியாக" என்றேன்.

அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "என் மேசைக்கு எல்லாமே ஒற்றையாகத்தான் வரும்" என்று கூடச் சேர்த்தேன். ஒருவரும் கேட்காமல். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்து, நன்றி சொல்லி, நூலகத்தின் முகவரி அட்டையை என்னிடமும் ஒன்று தந்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரமே முதலாளி கடிதத்தைத் தட்டச்சு செய்து தந்தார். வீட்டில் அம்மாவுக்குச் சொல் சொல்லாகத் தமிழில் சொன்னேன். நேர்மையானவர், முழு நம்பிக்கைக்கு உரியவர் என்று ஒரு வரி இருந்தது. அம்மா அந்த வரியைத் திருப்பிச் சொல்லச் சொன்னா. சொன்னேன். கடிதத்துக்குக் குங்குமம் வைக்கப் போனவவை, பொலிசுக்குப் போகிற கடிதம் என்று மறித்தேன்.

"உன்ரை முதலாளிக்கு நல்ல மனசு. நீயும் அவருக்கு உண்மையா இரு, என்ன?"

"ஓம்" என்றேன். மீன்குழம்பு வைத்திருந்தா. இரண்டு வாயோடு கோப்பையைத் தள்ளிவைத்தேன். முள் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகும் எட்டு மாதம் அந்த மேசையில் இருந்து சட்டம் போட்டேன். ஒவ்வொரு கிழமையும் இழுப்பறையிலிருந்து ஒன்று, இரண்டு. நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் ஒரே நாளில் பதினொன்று போயின. பரிசுக்கு நல்லதாம். மட்டையில் படம் தெரிய யன்னல்போல வெட்டி, எழுத்தின் கடைசி வரியை மறைத்து, கண்ணாடி துடைத்து, பின்னால் கொளுக்கி அடித்துக் கொடுப்பேன். என் கைவேலையை எல்லோரும் மெச்சினார்கள். பேசாமல் இருந்த நாட்களை நான் ஒற்றைக் கணக்கில் அறிந்திருந்தேன்.

பெர்மிட் மார்கழியில் வந்தது. மூன்று பேருக்கும். அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அண்ணையிடம் போனேன். அவர் வானுக்குள் பொதி ஏற்றிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, நான் அந்த லைப்ரரி மனுசியிட்டைப் போய் உள்ளதைச் சொல்லப்போறன்."

அவர் திரும்பாமலே கேட்டார். "பெர்மிட் வந்தாப்பிறகு வாயும் வந்திட்டுதோ?"

"அப்பிடியில்லை அண்ணை…"

"வேறை எப்பிடி? போ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. அட்டையைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு சண்டைக்குப் போற வீரன் நீ. எனக்கு இன்னும் எஃப் பெர்மிட், தற்காலிகம்தான். என்ரை பேரை உதுக்குள்ளை இழுக்காதை, கண்டியோ."

கதவை அடித்துச் சாத்தினார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

அந்தச் சனிக்கிழமை ரயில் ஏறிப் போனேன். நூலகத்தில் அவர் என்னைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொன்னார். ரயிலில் பாடமாக்கிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். அது புத்தகமாகத்தான் வந்தது. நான்தான் பிரித்தேன். தைப்பதற்கென்று நினைத்தேன். பிறகு இலக்கம் அழித்ததும், மடிப்பில் வெட்டியதும், அன்று பொய் சொன்னதும் நான்தான். தைப்பதற்கென்று நினைத்தேன் என்ற இடத்தில் அவர் இரங்குவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் எழுதிக்கொண்டே இருந்தார். சட்டப்படி உங்கள் முதலாளியை ஒன்றும் செய்ய முடியாது, அவருடைய புத்தகம், வெட்டலாம், எரிக்கவும் செய்யலாம் என்றார். அட்டை எங்கே, நூல் எங்கே என்று கேட்டார். குப்பையில் என்றேன். கடைசி ஒற்றையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் பேனையை நிறுத்தினார். அந்தப் பிறப்புகள் இருந்திருந்தால் புத்தகம் யாருடைய வீட்டில் இருந்தது என்று கண்டுபிடித்திருக்கலாமாம். ஒரு பெயராவது நினைவிருக்கிறதா என்றார். இல்லை. நெடுநேரம் பார்த்தேன், ஆனால் அந்த எழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது.

பிறகு கேட்டார். "நான் கடைக்கு வந்த அன்று எத்தனை மிச்சம் இருந்தன?"

"எழுபத்தொன்று."

"இப்போது?"

"இரண்டு. தண்ணீர்க் கறை பட்டவை."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அன்றைக்கு வாங்குவதற்கு அனுமதி எடுத்துக்கொண்டுதான் வந்தேன்" என்றார். "எத்தனை இருந்தாலும் எல்லாவற்றையும். இங்கே, அடுத்த அறையில், தொலைபேசிக்குப் பக்கத்தில் எங்கள் இயக்குநர் காத்துக்கொண்டிருந்தார்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை. எழுந்து போய் யன்னலைத் திறந்தார், அந்தக் குளிருக்குள். என்னில் நாற்றம் அடிக்கிறதோ என்று ஒரு கணம் என் சட்டையை நானே மணந்து பார்த்தேன்.

திரும்பி வந்து, கோடு போட்ட தாள்கள் கொஞ்சமும் ஒரு பென்சிலும் எனக்கு முன்னால் வைத்தார். ஒழுங்கை எழுதுங்கள் என்றார். ஒன்றிலிருந்து நூற்றிப் பதினெட்டுவரை, எதற்குப் பிறகு எது, எதில் என்ன இருந்தது, யார் வாங்கியது. அதைத் தெரிந்த ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

மாதங்கள் பன்னிரண்டும் இலகு. எழுதினேன். பதின்மூன்றில் நீலச் சட்டைப் பெண் ஒருத்தி முழங்காலில் நின்றாள். எழுதினேன். பதினாலில் எழுத்து மட்டும், ஓரத்தில் ஏதோ ஒரு பூச்சி. ஈயா, வண்டா? பதினைந்து வரவே இல்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். மட்டையும் சட்டமும் கண்ணாடியும்தான் வந்தன. ஒற்றையைக் காணவில்லை. அவர் எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒரு கொடி, ஒரு பறவை, ஒரு சிவப்பு எழுத்து என்று நான் எழுதியிருந்தால் அவர் நம்பியிருப்பார். பிழை என்று சொல்ல ஒருவரும் இல்லை.

பதினைந்து என்று இலக்கம் போட்டு, பக்கத்தில், தெரியாது என்று எழுதினேன்.